சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன்

மரக்காணத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டி எனக்கு ஒரு வண்டிப் பட்டறை இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். இங்கே வருவதில் பாதி உப்பளத்து வண்டிகள்தான். உப்புத் தண்ணீரில் ஓடுகிற வண்டிக்கு ஆயுசு குறைவு. அடிப்பாகம் துருப்பிடித்துப் பொரிந்துபோகும். போல்ட்டைத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வந்துவிடும். அதனால் எனக்கு வேலை இல்லாத நாள் என்று இருந்ததில்லை. வேலை தெரிந்தவன் என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை வைத்துத்தான் நான் ஒரு பொய்யைச் செல்லுபடியாக்கினேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம். பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர் ஒருவர் இங்கே உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதற்கு முந்தைய மழையில் அளத்துப் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, அவருடைய பிக்கப் வண்டியின் அடிப்பாகம் முழுக்க உப்பில் ஊறிப்போனது. இந்தத் தடவை மழைக்கு முன்பே வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். யாரோ சொன்னதைக் கேட்டு ஆன்லைனில் அதற்கான சாமான் செட்டை வரவழைத்து, பெட்டியைப் பிரிக்காமலே டிரைவரிடம் கொடுத்து என்னிடம் அனுப்பினார்.

அந்த டிரைவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். கடலோரக் குப்பத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் அலை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்துவிடும் என்பதால் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாராம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குத் தெரிந்து அவ்வளவு பதமாக வண்டி ஓட்டியவர்கள் குறைவு. அவர் கொண்டு வரும் வண்டியில் பிரேக் கட்டை இரண்டு மடங்கு நாள் உழைத்திருக்கும்.

வண்டியை உயர்த்துவது பெரிய வித்தை இல்லை. பின் அச்சுக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டையை வைத்து, நீளமான யூ போல்ட்டுகளால் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிவிட வேண்டும். பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட், மொத்தம் நான்கு. அச்சை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது அந்த நான்கும்தான்.

முன்பக்கம் ஒரு தகராறும் இல்லாமல் ஏறியது. பின்பக்கம் வந்தபோதுதான் ஒன்றும் சேரவில்லை. கட்டையின் அடியில் ஒரு குமிழ் இருக்கும். அது அச்சின் மேலுள்ள குழியில் போய் உட்கார வேண்டும். குமிழ் பெரிது, குழி சிறிது. கிரைண்டரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து உட்கார வைத்தேன். அதில் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். வலது பக்கம் கட்டி முடித்தேன். இடது பக்கத்துக்கு யூ போல்ட்டை எடுத்து வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் குட்டை. எங்கேயோ பெட்டி கட்டியவன் வேறு செட்டின் போல்ட்டை இதில் போட்டிருக்கிறான்.

நட்டை இறுக்கி முடித்தபின் போல்ட்டின் திருகு மரை குறைந்தது மூன்று சுற்றாவது வெளியே தெரிய வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது. இங்கே மரை நட்டுக்கு உள்ளேயே முடிந்துபோனது. வாஷரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நட்டின் விளிம்புவரைகூட வரவில்லை.

அளவு கொடுத்தால் யூ போல்ட் வளைத்துக் கொடுக்கிற பட்டறை திண்டிவனத்தில் இருக்கிறது. மறுநாள் காலையில் போயிருந்தால் மத்தியானத்துக்குள் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் மறுநாள் வானூரில் என் மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாயங்காலமே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று மனைவி சீர்ச் சாமான்களைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உப்பளக்காரர் வேறு மூன்று முறை போன் செய்துவிட்டார். குவித்து வைத்த உப்பெல்லாம் கரையில் கிடக்கிறது, தெற்கே மேகம் ஏறுகிறது, வண்டி வந்தால்தான் கிடங்குக்கு ஏற்ற முடியும் என்றார்.

ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் செருகி, என் முழு பலத்தையும் போட்டு இறுக்கினேன். ஓடும், இப்போதைக்கு ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நாளில் திரும்பக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அதற்குள் திண்டிவனத்திலிருந்து சரியான போல்ட்டை வாங்கி வைத்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது உண்மை.

ஐந்து மணிக்கு டிரைவர் வண்டி எடுக்க வந்தார். சுற்றிவந்து பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம்.

"நல்லா எடுப்பா நிக்குதுண்ணே."

"உயரம் பழகற வரைக்கும் திருப்பத்துல மெதுவா போப்பா," என்றேன்.

"வேற எதுனா பாக்கணுமாண்ணே?"

அவர் அப்படிக் கேட்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால், ஏன் பத்து நாளில் கொண்டுவர வேண்டும் என்று அவர் கேட்பார், போல்ட் குட்டை என்று சொல்ல வேண்டிவரும், அப்புறம் வண்டியை எடுக்கமாட்டார், முதலாளிக்குப் போன் போகும், வானூருக்குக் கிளம்ப முடியாது. இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"ஒண்ணும் இல்லப்பா. போய்ட்டு வா," என்றேன்.

வானூரில் பால் காய்ச்சினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. திரும்பி வந்தபின் வேறு வேலைகள் வந்தன. திண்டிவனம் போகவில்லை. அந்த வண்டி சாலையில் போகும்போது இரண்டு மூன்று முறை பார்த்தேன். ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பதினேழாவது நாள், காலை பதினொரு மணி வாக்கில் அது நடந்தது. உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு வண்டி அளத்து வரப்பின் மேல் வந்திருக்கிறது. மூட்டை இறக்குவதற்காக உப்பு வாருகிற பெண்கள் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்கால் மதகுத் திருப்பத்தில் இடது பக்கத்து நட்டுகள் பிடி விட, பின் அச்சு ஒரு பக்கமாக நழுவி, வண்டி குறுக்கே திரும்பிப் பாத்திக்குள் சரிந்தது. ஒரு பெண் குதித்துவிட்டாள். இன்னொருவர் ஐம்பது வயதுக்காரி. மூட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார். வலது முன்கை இரண்டு இடத்தில் முறிந்தது. நெற்றி உடைந்து ரத்தம் ஒழுக, டிரைவர்தான் உப்புத் தண்ணீரில் இறங்கி மூட்டைகளைத் தூக்கி எறிந்து அவரை வெளியே எடுத்தாராம்.

டிராக்டர் கட்டி வண்டியை என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். இழுத்து வந்தவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் அடியில் படுத்துப் பார்த்தேன். இடது பக்கம் நான்கு நட்டில் மூன்று காணோம். ஒன்று மட்டும் மரை மழுங்கிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவுடன் விளங்கிவிட்டது. எழுந்து யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. அந்த இரண்டு யூ போல்ட்டையும் கழற்றி, பழைய இரும்பு போடும் பீப்பாய்க்குள் அடியில் போய்க் கிடக்கும்படி திணித்துவிட்டேன். கை தன் பாட்டுக்குச் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மேலே நாலு பிரேக் டிரம்மைத் தூக்கிப் போட்டு மூடியதும் அதே கைதான்.

அரை மணி நேரத்தில் முதலாளி வந்தார். கூடவே டிரைவர். நெற்றியில் கட்டு. சட்டை பேன்ட்டில் உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது.

"ஏம்பா, என்னா இது? நீ மாட்டி இருவது நாள் கூட ஆவல," என்றார் முதலாளி.

நான் டிரைவரைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"கட்டை வெச்சி ஏத்துன வண்டிங்க. பத்து நாள் ஓடுனா எல்லாம் அமுங்கி நட்டு லூசாவும். ஒரு தடவை கொண்டாந்து டைட் வெச்சிக்கிட்டுப் போன்னு சொல்லி அனுப்புனேன். வரல."

முதலாளி டிரைவர் பக்கம் திரும்பினார். "சொன்னாராடா?"

டிரைவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "தெரியலிங்க... எனக்கு ஞாபகம் இல்லிங்க," என்றார்.

"ஒரு பொம்பளை கையி போச்சி. ஞாபகம் இல்லன்றான்."

அவ்வளவுதான் விசாரணை. அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் மறுநாள் காலை திண்டிவனம் போய் அளவு கொடுத்து யூ போல்ட் வளைத்து வாங்கி வந்தேன். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. நட்டைத் தாண்டி நாலு மரை வெளியே தெரிந்தது.

புதுக் கட்டை போட்ட வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து இறுக்க வேண்டும் என்பது தொழிலில் உண்மையான பேச்சு. அதனால் என் பொய்க்கு நல்ல உடம்பு இருந்தது. யாரிடம் கேட்டாலும் ஆமாம், அப்படித்தான் என்பார்கள். நான்கூடச் சில நாட்கள், சொன்னேனோ என்னவோ என்று நினைக்கப் பார்த்தேன். நடக்கவில்லை. "வேற எதுனா பாக்கணுமாண்ணே" என்ற குரல் அப்படியே காதில் இருந்தது.

வழியில் டிரைவரை எதிரே பார்க்கும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். கோபம் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் வரவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்தக் கை முறிந்த அம்மா வெயில் தாங்காமல் என் பட்டறை நிழலில் வந்து உட்கார்ந்தார். கட்டுப் பிரித்திருந்தார்கள். முன்கை வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. விரல்களை முழுதாக மூட முடியவில்லை. நாற்காலி போட்டேன், டீ வாங்கிக் கொடுத்தேன்.

"வேலைக்குப் போறீங்களாக்கா?"

"எங்கப்பா? உப்பு வார்ற பலகை புடிக்கணுமே. புடிச்சா வழுக்குது. சாக்கு தைக்கறேன், இடது கையாலயே." டீயை ஊதிக் குடித்தார். "எனக்குக் கூடப் பரவால்லப்பா. அந்த டிரைவரு தம்பியப் பாத்தாத்தான் வயிறு எரியுது. ஞாயித்துக்கெழமை ஆனா கோயிலு முடிச்சி நேரா வந்துடுவாரு. மீனு கொண்டாருவாரு, தண்ணி புடிச்சிக் குடுப்பாரு. மெக்கானிக்கு படிச்சிப் படிச்சிச் சொல்லி அனுப்பியும் மறந்துட்டேங்கா, உன் கைய நான்தான் ஒடைச்சேன்னு சொல்லி அழுவறாரு. ஆம்பள அழுதா பாக்கவே சகிக்கல."

நான் ஏதோ ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதையே துடைத்தேன்.

அவர் என் பொய்யை நம்பியிருக்கிறார். பொய் என்று தெரிந்தும் பயந்து வாயை மூடிக்கொண்டார் என்றுதான் ஐந்து மாதமாக நான் நினைத்திருந்தேன். அவரோ, அவ்வளவு வருடம் தொழிலில் இருக்கிற ஆள் சொன்னேன் என்றால் சொல்லித்தானே இருக்க வேண்டும் என்று தன் ஞாபகத்தைத் தப்பென்று வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாவிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது என்று ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகும் எட்டு நாள் போக விட்டேன்.

ஒன்பதாவது நாள் காலையில் குப்பத்துக்குப் போனேன். படகுகள் கரையேறியிருந்த நேரம். அவர் ஐஸ் உடைத்து மீன் கூடைகளில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஐஸ் வேலையாப்பா? வண்டி ஓட்டலியா?"

"வேணாம்ணே. பயமா இருக்குது. எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். யார் என்ன சொன்னாலும் உடனே அதில் எழுதிவிடுவாராம். பென்சிலில் எழுதியிருந்தது. 'தண்ணி மோட்டாரு ஆஃப் பண்ணணும்.' 'ஃபாதர் நாலு மணிக்கு வரச் சொன்னாரு.' 'ஐஸ் ஏழு கூடை, எட்டு இல்ல.' பக்கம் பக்கமாக இருந்தது. நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நீ எதையும் மறக்கலப்பா," என்றேன். "நான் சொல்லவே இல்ல."

அவருக்குப் புரியவில்லை.

"டைட் வெக்கறதுக்குக் கொண்டான்னு நான் உங்கிட்ட சொல்லவே இல்ல. போல்ட்டு குட்டை. தெரிஞ்சேதான் மாட்டுனேன். வேற எதுனா பாக்கணுமான்னு நீ கேட்ட. ஒண்ணும் இல்லன்னேன்."

ஐஸ் உடைக்கிற கட்டை அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"நான் கேட்டது எனக்கு ஞாபகம் இருந்திச்சிண்ணே," என்றார் கடைசியில், மெதுவாக. "நீங்க சொன்னதுதான் வரல. எவ்ளோ யோசிச்சாலும் வரல. அடிபட்டதுல அது மட்டும் அழிஞ்சிடுச்சோன்னு நெனச்சேன்."

"தப்பு பண்ணிட்டேம்பா."

"எங்கிட்ட சொல்லிட்டுப் போனா ஆச்சா?" முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. பக்கத்தில் கூடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மொதல்ல என் பொண்டாட்டி கிட்ட வந்து சொல்லுங்க. அவ என்னப் பைத்தியக்காரனப் பாக்கற மாதிரி பாக்கறா."

அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். அவர் மனைவி வாசலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண் கடைசிவரை கேட்டார்.

"பாண்டிக்குக் கூட்டிட்டுப் போயி மண்டைய ஸ்கேன் எடுத்தோம், தெரியுமா?" என்றார். "ஒண்ணும் இல்லன்னு டாக்டரு சொல்லியும் இவரு நம்பல. கேஸ மூடுனனா, கதவு சாத்துனனான்னு நூறு தடவ கேப்பாரு. நானும் திட்டியிருக்கேன். மறதி புடிச்ச மனுசன்னு புள்ளைங்க எதிர்ல சொல்லியிருக்கேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நீங்க கெளம்புங்க. இதுக்கு மேல இங்க நின்னீங்கன்னா எதுனா பேசிடுவேன்."

கிளம்பினேன். நேராக உப்பளக்காரரிடம் போனேன். அவர் கிடங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் முதலில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"விடுப்பா. வண்டி ரெடியாயிடுச்சி, ஓடுது. பழசக் கிளறி என்னா ஆவப்போவுது?"

"அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கய்யா."

"வேற ஆளு போட்டாச்சே. அவன எப்படி நிறுத்தறது?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்கடுத்த மாதமே தன் டிராக்டரை என் பட்டறைக்கே அனுப்பினார். என் பெயருக்கு ஒரு கீறலும் விழவில்லை. நான் செய்தது தெரிந்த பிறகும் விழவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

கடைசியாகத்தான் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும். சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தத் தம்பிக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்கா."

"என்னா சொல்லிச்சி?"

"கோவப்பட்டாரு."

"படணும்." கோணல் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். "இது நீ சொன்னா நேராவாது. ஆனா அந்தப் புள்ள அழுவாம இருக்கும்." பிறகு, "இனிமே அந்தத் தம்பி இங்க எதுக்கு வரும்?" என்றார். அது எனக்கான கேள்வி இல்லை. தண்ணீர்க் குடம் காலியாக இருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் பிடித்து வந்து வைத்தேன். அவர் மறுபடி ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்திருந்தார்.

டிரைவர் இப்போது பெரிய முதலியார்சாவடியில் ஒரு மொத்த மளிகைக் கடையின் வேனை ஓட்டுகிறார். திரும்ப ஸ்டியரிங்கைப் பிடிக்க அவருக்குப் பத்து மாதம் ஆனது என்று யாரோ சொன்னார்கள். தினம் என் பட்டறையைத் தாண்டித்தான் போகிறார். திரும்பிப் பார்ப்பதில்லை. வேனில் ஏதாவது தகராறு என்றால் கோட்டக்குப்பத்தில் வேறு பட்டறைக்குக் கொண்டுபோகிறார். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த அம்மா வீட்டுக்கு நான் இப்போதும் வாரம் ஒரு முறை போகிறேன். தண்ணீர் பிடித்து வைப்பேன், தைத்த சாக்குக் கட்டுகளை வண்டியில் போட்டுக் கிடங்கில் சேர்ப்பேன். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போய்க்கொண்டிருந்தேன், பட்டறைக்கு லீவு என்பதால். ஒரு ஞாயிறு அந்த அம்மாவே சொன்னார்.

"இப்ப அந்தத் தம்பி வந்துச்சிப்பா. வாசல்ல உன் வண்டி நிக்கறதப் பாத்துட்டு நிக்காம போயிடுச்சி. போன வாரமும் அப்படித்தான்."

அவர் வருவதை விடவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து நான் செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன்.